பயிற்சி ஆசிரியருக்குத் தொழில்முனைவுத் திறன் எதற்கு?

கேள்வி: தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புத்தாக்கம், தொழில்முனைவுத் திறன் ஆகியவை குறித்துச் செயல்திட்டம் ஒன்றை ஒப்படைக்க வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியராக விரும்பும் எனக்கு இது எவ்வாறு பொருந்தும்? என்ன செய்து காட்டலாம்? நான் செய்யும் துணைக்கருவிகளை விற்கலாமா?

பதில்: கடை திறப்பதை மட்டுமே தொழில்முனைவு என்று கொண்டால், உங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் குறை ஒன்றைத் தாமே கண்டறிந்து, கைக்கு எட்டும் பொருள்களைக் கொண்டு தீர்வு உருவாக்கி, சோதித்துத் திருத்தி, அதைப் பிறரும் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுசெல்வதே அத்திறனின் சாரம். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவான, குழந்தைகள் கற்றல் அட்டைகளைக் கொண்டு படிப்படியாகத் தத்தம் வேகத்தில் தாமே கற்கும் அட்டை, ஏணிப்படி முறையை அடியொற்றி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08 கல்வியாண்டில் மாநிலமெங்கும் பரவியது இந்த வழியில்தான். அவ்வகுப்பறைகளில் இடம்பெற்ற, குழந்தைகளின் கைக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகையும், குழந்தைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும் விலையுயர்ந்த கருவிகள் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, கண்காட்சிக்கென்று தெர்மகோலில் செய்து, மறுநாளே பரணுக்குப் போய்விடும் மாதிரிகளைத் தவிருங்கள். அவற்றுக்கு மதிப்பெண் கிடைக்கலாம், ஆனால் வகுப்பறைக்கு எதுவும் கிடைப்பதில்லை. கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் பள்ளியில் பிழை ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எடுத்துக்காட்டாக, ‘நூற்று ஐந்து’ எழுதச் சொன்னால் மூன்றாம் வகுப்பிலும் சில குழந்தைகள் 1005 என்று எழுதுவார்கள். நூறு என்றதும் 100, ஐந்து என்றதும் அதன் அருகிலேயே 5 என, கேட்டதைக் கேட்டபடி எழுதுவதால் வரும் பிழை இது. பழைய நாட்காட்டி அட்டையில் நூறுகளுக்கு மூன்று கட்ட அகலத்திலும், பத்துகளுக்கு இரண்டு கட்ட அகலத்திலும், ஒன்றுகளுக்கு ஒரு கட்ட அகலத்திலும் ஒன்பது ஒன்பதாக 27 அட்டைகள் வெட்டி, அவற்றில் முறையே 100 முதல் 900 வரையிலான நூறுகளையும், 10 முதல் 90 வரையிலான பத்துகளையும், 1 முதல் 9 வரையிலான எண்களையும் கட்டத்துக்கு ஓர் இலக்கமாக எழுதிக்கொள்ளுங்கள். 100 அட்டையின் கடைசிச் சுழியத்தின் மேல் 5 அட்டையைக் குழந்தையே வைத்துப் பார்க்கும்போது 105 தெரியும்; அட்டையைத் தூக்கினால் மறைந்திருந்த சுழியமும் தெரியும். இந்த இடமதிப்பு அட்டை உங்கள் கண்டுபிடிப்பு அல்ல; அதனால் குறையொன்றும் இல்லை. உங்கள் வகுப்புக்கேற்ப அதை மாற்றியமைப்பதும் புத்தாக்கமே.

பயன்படுத்துவதற்கு முன்பும் பின்பும் ஒரே வகையான எண்களை எழுதச் செய்து, எத்தனை பேர் சரியாக எழுதினர் என்று குறித்து வையுங்கள். அடுத்து, பலரும் விட்டுவிடும் ஒரு படி உண்டு: சக பயிற்சி ஆசிரியர் ஒருவரிடம் அட்டைகளை ஒரு பக்கக் குறிப்புடன் கொடுத்து, நீங்கள் உடனில்லாமல் அவர் வகுப்பில் நடத்தச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே குறிப்பைத் திருத்துங்கள். செலவுக் கணக்கு, எளிதில் தொலையும் அட்டைகள், அவற்றைப் பாதுகாக்கும் வழி ஆகியவையும் அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

கூடுதல் அட்டைத் தொகுப்புகள் செய்யப் பொருள் தேவைப்பட்டால், தலைமையாசிரியரின் ஒப்புதலோடு பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பேசலாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினராவது பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும் என்பதால், கோரிக்கையைப் பெற்றோருக்குப் புரியும் சொற்களில் முன்வைக்கப் பழகுவதும் இத்திறனில் அடங்கும்.

விற்பனையைப் பொறுத்தவரை, பயிற்சிக் காலத்தில் உங்கள் நிறுவன முதல்வரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. அரசுப் பணியில் சேர்ந்தபின் நடத்தை விதிகள் பொருந்தும். முன் அனுமதியின்றி வணிகத்தில் ஈடுபட இயலாது. தனிவகுப்பு நடத்துவதையோ, கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஆசிரியர்களுக்கு நேரடியாகவே தடை செய்கிறது. எனவே, தகுதித்தேர்வுக்குக் காத்திருக்கும் காலத்தில் தனிவகுப்போ விற்பனையோ தொடங்கினாலும், பணி நியமனம் கிடைத்ததும் அதிலிருந்து விலக வேண்டியிருக்கும் என்பதை மனத்தில் கொண்டு முதலீட்டைச் சிறிதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.