சேலம், சேர்வராயன் மலை: பழைய ஆவணங்களை இணையத்தில் தேடுவது எப்படி? (கேள்வி பதில்)

அயோத்தியாப்பட்டணம் வாசகர்: ஐயா, எங்கிருந்து தொடங்குவது?

1918-ல் வந்த ரிச்சர்ட்ஸின் சேலம் கெஜட்டியரை (மாவட்ட விவரத் தொகுப்பு) முதலில் படியுங்கள். அடுத்து லெ ஃபானுவின் சேலம் மாவட்ட மேனுவல், அதாவது கையேடு (1883, இரண்டு தொகுதிகள்). இரண்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் (archive.org) தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் இவை அதிகாரிகள் பழைய கோப்புகளைச் சுருக்கி எழுதியவை. கலெக்டர் காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டில் காப்பி பயிரிட வைத்தார் என்பதை எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறோம். அதற்கு ஆதாரம் காட்ட வேண்டுமென்றால் அந்தக் காலத்துக் கடிதப் போக்குவரத்தைப் பார்க்க வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகம் வரை போகவேண்டி வரலாம். 1792-ல் திப்புவிடமிருந்து பாரமகால் (கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதி) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த பிறகு, அதை நிர்வகித்த ரீட், மன்றோ காலத்தில் எழுதப்பட்டவை பாரமகால் ஆவணங்கள் என்று பொருள்வாரியாக அச்சாகியிருக்கின்றன. வரி, நிலம் பற்றி ஆராய்பவர்கள் இவற்றை விடவே கூடாது.

ஏற்காடு வாசகி: மலையின் பெயரைப் போட்டுத் தேடினால் பாதிப் புத்தகங்களில் ஒன்றுமே வருவதில்லை. ஏன்?

நீங்கள் தேடுவது பக்கத்தை அல்ல, அதைப் பார்த்து ஓ.சி.ஆர். (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) ஊகித்த எழுத்துகளை. வரி முடிவில் கோடு போட்டு உடைத்த சொல்லும், அட்டவணைக்குள் இருக்கும் ஊர்ப்பெயரும் அதற்குப் பெரும்பாலும் பிடிபடாது. ஆங்கிலத்தில் அன்றைக்கு ஒரே எழுத்துக்கூட்டும் கிடையாது. சேர்வராயனை ஷெவராய், ஷெவரோய் என்றும், ஏற்காட்டை ஏர்காட் என்றும், அதையே கடைசி எழுத்துகள் மாறியும் எழுதினார்கள். முழு உரைக் கோப்பை இறக்கி, பெயரின் முதல் நான்கு எழுத்துகளை மட்டும் தேடுங்கள்.

தமிழ் நூல்களில் சிக்கல் வேறு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ணை, னை, றா, ணா, னா வடிவங்களை ஓ.சி.ஆர். தப்பாகப் படிக்கும். 'மலை' என்ற சொல்லிலேயே லை இருக்கிறது! அதனால் 'சேர்வராயன் மலை' என்று போடாமல் 'சேர்வராய' என்று மட்டும் தேடுங்கள். எது கிடைத்தாலும் படத்தைப் பார்க்காமல் மேற்கோள் எடுக்காதீர்கள்.

நாமக்கல் மாணவர்: 1871-லிருந்து 1881-க்குள் சேலம் மாவட்ட மக்கள்தொகை 19.7 லட்சத்திலிருந்து 16 லட்சமாகக் குறைந்திருக்கிறது. அச்சுப்பிழையா அண்ணா?

பிழையில்லை தம்பி. 1876–78 பஞ்சம். ஆனால் அந்த 'சேலம்' இன்றைய சேலம் அல்ல. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர், உங்கள் நாமக்கல் எல்லாம் அதில் அடக்கம். தர்மபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும் பிரிந்தன. மாவட்டத்தை மாவட்டத்தோடு ஒப்பிட்டால் ஆய்வே சாய்ந்துவிடும். தாலுகா அட்டவணையை எடுங்கள். தாலுகா எல்லையும் மாறியிருந்தால் கிராமம் கிராமமாகக் கூட்டுவது தவிர வழியில்லை.

ஆத்தூர் வாசகர்: பசலி 1290 என்றால் எந்த வருடம்?

பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு. 590 கூட்டுங்கள்: 1880 ஜூலை முதல் 1881 ஜூன் வரை. ஜனவரி முதல் ஜூன் வரையிலான தேதி என்றால் 1881.

ஓமலூர் வாசகி: வீட்டில் ஓலைச்சுவடிக் கட்டு இருக்கிறது. போனில் படம் எடுத்தால் போதுமா?

போதும், ஒழுங்காக எடுத்தால். காய்ந்த ஓலையை நிமிர்த்த அழுத்தினால் ஒடிந்துவிடும், வளைவோடே எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், அப்போதுதான் மையில்லாத கீறல் எழுத்து நிழல் கட்டித் தெரியும். போனை ஸ்டாண்டில் நேர்மேலே நிறுத்தி, ஓலை அருகே ஒரு ஸ்கேல் வையுங்கள். இருபுறமும் எடுங்கள், வெற்றுப் பக்கத்தையும் சேர்த்து. ஏட்டெண் (ஓலையின் வரிசை எண்) பெரும்பாலும் முன்பக்க இடது ஓரத்தில் இருக்கும். அது வெட்டுப்படாமல் பாருங்கள். கோப்புக்குக் கட்டுப்பெயர், ஏட்டெண், முன் அல்லது பின் என்று பெயர் வைத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒரே இடத்தை நம்பக் கூடாது: 2023 அக்டோபரில் சைபர் தாக்குதலுக்கு ஆளான பிரிட்டிஷ் லைப்ரரியின் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள், அது சுருக்கிவிடும்.