யூரியா ஏன் கருகவில்லை?

அன்புள்ள டீச்சருக்கு வணக்கம்.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளி ஆய்வகத்தில் ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்து, கரிமச் சேர்மமா கனிமச் சேர்மமா என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சூடாக்கிப் பார்த்திருக்கிறாள். தீப்பிடிக்கவில்லை, கருகவும் இல்லை. 'கருகினால் கரிமம், கருகாவிட்டால் கனிமம்' என்று நோட்டில் இருந்ததால் கனிமம் என்று எழுதிவிட்டாள். மதிப்பெண் போய்விட்டது. கொடுத்தது யூரியாவாம். வயலுக்கு மூட்டை மூட்டையாகப் போடுகிற ரசாயன உரம் எப்படிக் கரிமம் ஆகும் என்று எனக்கே விளங்கவில்லை. இதை உறுதியாகச் சொல்ல ஒரே ஒரு சோதனை கிடையாதா? வீட்டில் அவளுக்கு நான் ஏதாவது செய்து காட்ட முடியுமா?

ம., மன்னார்குடி

அன்புள்ள ம.,

கிடையாது. உங்கள் மகள் கண்ணால் பார்த்தது சரி. நோட்டில் இருந்த விதிதான் அரைகுறை.

சர்க்கரை ஏன் கருகுகிறது? அதில் கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன. சூடு பட்டதும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நீராகக் கழன்றுபோக, கார்பன் கரியாக மிஞ்சுகிறது. யூரியா மூலக்கூறில் இருப்பது ஒரே ஒரு கார்பன். அதுவும் ஓர் ஆக்சிஜனோடும் இரண்டு நைட்ரஜனோடும் பிணைந்திருக்கிறது. கார்பன்-கார்பன் பிணைப்பும் இல்லை, கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பும் இல்லை. கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் அதே ஆக்சிஜனேற்ற நிலையில்தான் அந்தக் கார்பன் இருக்கிறது. ஏற்கெனவே எரிந்து முடிந்த கார்பன் என்றே வைத்துக்கொள்ளலாம். மிச்சம் விழக் கரி ஏது?

அவள் சோதனைக்குழாயை இன்னும் சற்று நேரம் சுடரில் காட்டியிருந்தால் வேறு சில விஷயங்களைப் பார்த்திருப்பாள். 133 டிகிரி செல்சியஸில் யூரியா உருகும். பிறகு அம்மோனியா மூக்கைத் துளைக்கும், குழாய் வாயில் பிடித்த ஈரச் சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகும். விடாமல் சூடாக்கினால், உருகிய திரவம் மறுபடி வெள்ளையாக இறுகும். அதில் பையூரெட் (இரண்டு யூரியா மூலக்கூறுகள் அம்மோனியாவை இழந்து இணைந்த சேர்மம்) உண்டாகியிருக்கும். ஆறியபின் நீர் விட்டுக் கலக்கி, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, காப்பர் சல்பேட் கரைசல் ஒரு சொட்டு விட்டால் ஊதா நிறம். சோடியம் குளோரைடு 801 டிகிரி வரை உருகவே உருகாது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், 'கனிமம்' என்று எழுத அவள் கை தயங்கியிருக்கும்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. யூரியா எல்லைக்கோட்டில் நிற்கிற பொருள்தான். உயிருள்ளவை மட்டுமே கரிமப் பொருள்களை உண்டாக்க முடியும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1828இல் பெர்லினில் வோலர் என்ற வேதியியலாளர், சில்வர் சயனேட்டையும் அம்மோனியம் குளோரைடையும் வினைப்படுத்தியபோது கிடைத்தது சிறுநீரில் இருக்கும் அதே யூரியா. சிறுநீரகம் இல்லாமலே என்னால் யூரியா செய்ய முடிகிறது என்று தன் ஆசான் பெர்சீலியஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஒரு நாளில் பழைய கொள்கை செத்துவிட்டதாகப் பாடப்புத்தகங்கள் சொல்வது மிகை. அது சாகப் பல ஆண்டுகள் ஆயின.

சோதனைக்குழாய்க்கு நம் வகைப்பாடு தெரியாது. கார்பன் சங்கிலி இருக்கிறதா, அயனிகளா மூலக்கூறுகளா, எரிய ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதைத்தான் ஒவ்வொரு சோதனையும் சொல்கிறது. அதனால்தான் கருமை இரண்டு பக்கமும் ஏமாற்றும். பச்சை நிறக் காப்பர் கார்பனேட்டைச் சூடாக்குங்கள், கன்னங்கரேல் என்று ஆகும். அது கரியில்லை, காப்பர் ஆக்சைடு. நீர்த்த கந்தக அமிலத்தில் வெதுவெதுப்பாக்கினால் நீலமாகக் கரைந்துவிடும். கரி கரையாது, காற்றில் பழுக்கச் சூடாக்கினால் எரிந்து மறையும். மறுபுறம், ஆக்சாலிக் அமிலம் கரிமம்தான், ஆனால் கருகாது. கார்பன் டெட்ராகுளோரைடு எரிவதே இல்லை. ஒரு காலத்தில் தீயணைப்பானிலேயே அதை நிரப்பி வைத்தார்கள்!

பள்ளியில் கொஞ்சம் நம்பிக்கையாகச் செய்யக்கூடியது காப்பர் ஆக்சைடு சோதனை. நன்கு உலர்த்திய காப்பர் ஆக்சைடோடு பொடியைக் கலந்து சூடாக்கி, வரும் வாயுவைச் சுண்ணாம்பு நீரில் விட வேண்டும். பால் போலக் கலங்கினால் கார்பன் உண்டு. ஆனால் சமையல் சோடாவும் சூட்டில் கார்பன் டை ஆக்சைடைத் தரும். எனவே முதலில், குளிர்ந்த நிலையிலேயே நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டு, நுரைக்கிறதா என்று பார்த்துக் கார்பனேட்டுகளை ஒதுக்கிவிட வேண்டும். இந்த வரிசையைத்தான் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் ஆதங்கம்.

சேர்மத்தில் நைட்ரஜன் போன்ற தனிமங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் லாசைன் சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. சோடியத்தோடு உருக்கிய கரைசலில் பிரஷ்யன் நீலம் தோன்றினால் 'நைட்ரஜன் உண்டு' என்று எழுதுவோம். சோடியம் சயனைடு உண்டானால்தான் அந்த நீலமே வரும், அதற்குக் கார்பனும் வேண்டும். கார்பன் இல்லாத அம்மோனியம் குளோரைடை மட்டும் உருக்கினால் நீலம் வராது. யூரியாவை உருக்கினால் நீலம் வரும். குளோரின் போன்ற ஹாலஜன்கள் இருக்கின்றனவா என்று அறிய, பொருளைத் தொட்ட செம்புக் கம்பியைச் சுடரில் காட்டும் பெயில்ஸ்டைன் சோதனையை மட்டும் யூரியாவில் நம்ப வேண்டாம். ஹாலஜன் இல்லாமலேயே சில சமயம் பச்சைச் சுடர் காட்டிவிடும்.

வீட்டில் சோடியம், அமிலம் பக்கமே போகாதீர்கள். ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு எல்இடி, அதற்கேற்ற ரெசிஸ்டர், இரண்டு பென்சில் குச்சிகள் போதும். காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்துச் சில விநாடி குச்சிகளை முக்கினால் விளக்கு எரியும், சர்க்கரைக் கரைசலில் எரியாது. யூரியாவிலும் எரியாது. வினிகரையும் வைத்துப் பாருங்கள். அசிட்டிக் அமிலம் கரிமம், ஆனாலும் கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும். ஏன் என்று அவளையே கேளுங்கள்.

இன்னொன்று. சூடாக்கிக் காட்ட உரமூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிவிடாதீர்கள். 2015இலிருந்து நம் நாட்டில் விவசாயத்துக்கு வரும் யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. சூட்டில் அது பழுப்பேறினால், எண்ணெய் கருகியதா யூரியா கருகியதா என்று சொல்ல முடியாது. பள்ளி ஆய்வகப் புட்டியில் இருக்கும் யூரியாவை வைத்து, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது அவளே செய்யட்டும்.