சில நூறு ரூபாய்ச் செப்புக்காசுக்கு அமெரிக்கச் சான்றிதழ் தேவையா?

கேள்வி: தாத்தா விட்டுப்போன பிஸ்கட் டப்பாவில் நாற்பது சொச்சம் செப்புக்காசுகள் இருக்கின்றன. மாடு போட்டது, ஆள் நிற்பது, டச்சுக்காரன் காசு, கம்பெனி கால் அணா என்று எல்லாம் கலந்து கிடக்கின்றன. அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பி, தரம் போட்டு, பிளாஸ்டிக் பேழையில் அடைத்து வாங்கினால் நல்ல விலை போகும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். குறைந்த செலவில் செய்ய வழி உண்டா? (கீழக்கரை வாசகர்)

பதில்: அமெரிக்காவுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். செலவு அப்புறம், முதலில் சட்டம் இடிக்கிறது. தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், 1972-இன்படி நூறு வயது தாண்டிய காசு தொல்பொருள். அதைத் தனியாள் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. 'தரம் பார்த்துத் திரும்பி வந்துவிடும்' என்று சொன்னாலும் அது ஏற்றுமதிதான். 1835 கால் அணாவும் இதில் அடங்கும். கூரியர்காரர் 'மெட்டல் சாம்பிள்' என்று எழுதிக்கொள்ளலாம் என்பார். பார்சல் சுங்கத்தில் மாட்டினால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அடுத்தது கணக்கு. வெளிநாட்டு நிறுவனங்களின் கட்டணம் காசுக்குக் காசு தனித்தனி. அதோடு போகவர காப்பீட்டுத் தபாலும் சேரும். சில நூறு ரூபாய் பெறும் காசுக்கு அதைவிடப் பல மடங்கு செலவழித்து ஒரு எண்ணை வாங்குவீர்கள். 1 முதல் 70 வரை போகும் அந்த எண்முறையை வில்லியம் ஷெல்டன் 1949-இல் வகுத்தது அமெரிக்கப் பெரிய செப்பு செண்ட்டுகளுக்காக. கையால் சம்மட்டி போட்டு அடித்த சேது காசில் (அதுதான் உங்கள் மாடு போட்ட காசு), பாதி உருவம் தகட்டுக்கு வெளியே போயிருப்பதே வழக்கம். அதற்கு 53, 55 என்று பிரிப்பதில் பொருளில்லை.

உங்களுக்கு வேண்டியது இரண்டு. காசு அசல்தானா, எந்த வகை என்ற அடையாளம் ஒன்று. கெடாமல் இருக்கிறதா என்பது இன்னொன்று. இரண்டையும் வீட்டிலேயே பார்க்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன எடைக்கருவி, வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ், ஒரு காந்தம், சுத்தமான அசிட்டோன், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

முதலில் இனம் பிரியுங்கள். ஒரு பக்கம் ஆள் நின்று, மறுபக்கம் ஆள் உட்கார்ந்து, அவர் கைக்குக் கீழே 'ஸ்ரீ ராஜ ராஜ' என்று மூன்று வரியில் நாகரி எழுத்து இருந்தால் அது ராஜராஜ சோழன் (985–1014) பெயரிலான காசு. பொதுவாக நாலு கிராமை ஒட்டி நிற்கும். இலங்கையிலும் நம் கரையிலும் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. இதே அமைப்பில் எழுத்து கூடுதலாக இருந்தால் 'பராக்ரம பாஹு' என்று வாசிக்க முடிகிறதா பாருங்கள். 12ஆம் நூற்றாண்டில் அந்த இலங்கை அரசனின் படை ராமேசுவரத்தில் இறங்கிய வரலாறு உண்டு. அவன் காசு இந்தப் பக்கம் கிடப்பதில் வியப்பில்லை. தேய்ந்த காசில் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

மறுபக்கம் படுத்த மாடும், அதற்கு மேலே பிறையும், கீழே தமிழில் 'சேது' என்ற எழுத்தும் இருந்தால் யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகளின் சேது காசு. 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த அரசு 1619-இல் போர்ச்சுக்கீசியரிடம் வீழ்ந்தது. எழுத்து தெரியாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு, போனின் டார்ச்சைக் காசின் மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் அடியுங்கள். ஒளியை மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தால், நேர் வெளிச்சத்தில் வெறும் மேடாகத் தெரிந்த இடத்தில் மாட்டின் திமில் முதலில் எழும்பும், பிறகு 'சே'யின் கொம்பு. அந்தக் கோணத்திலேயே படம் எடுத்துவிடுங்கள்.

டச்சுக் காசில் ஒரு பக்கம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைக் குறிக்கும் வி.ஓ.சி. (VOC) எழுத்துகள் பின்னிய முத்திரையும் ஆண்டும், மறுபக்கம் மாகாணக் கேடயமும் இருக்கும். அலைக்கு மேலே பாதி சிங்கம் எழுந்தால் அது ஜீலாந்து என்ற நெதர்லாந்து மாகாணம். சுமார் 3 கிராம், 21–22 மி.மீ. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கால் அணா இயந்திரத்தில் அடித்தது என்பதால் எடை கறார்: 6.47 கிராம். தேய்ந்து 6.2-க்கு இறங்கலாம். 5.5 காட்டினால் சந்தேகப்படுங்கள். ஆனால் 1906 முதல் வந்த வெண்கலக் கால் அணா 4.86 கிராம்தான். அதை 'எடை குறைவு, போலி' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இனி உலோகம். காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு, கதை முடிந்தது. ஒட்டாவிட்டால் அடர்த்தி பாருங்கள். காசை உலர்வாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரோடு எடைக்கருவியில் வைத்துப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுதும் முங்கும்படி தொங்க விடுங்கள். அப்போது காட்டும் எண்ணால் உலர் எடையை வகுங்கள். 3.86 கிராம் காசு தண்ணீரில் 0.44 காட்டினால் 8.77. தூய செம்பு 8.96. ஈயம் 11.3. மலிவான துத்தநாக வார்ப்பு 7-ஐ ஒட்டி நிற்கும். இவ்வளவு சின்னக் காசில் 0.01 கிராம் பிசகினாலே விடை 0.2 அளவு ஆடும். அதனால் மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். நூலிலோ காசிலோ குமிழி ஒட்டியிருந்தாலும், உப்பரித்துத் துளை விழுந்திருந்தாலும் அடர்த்தி குறைவாகவே காட்டும். ஆகவே 8.3 வந்துவிட்டதே என்று உடனே போலி முத்திரை குத்த வேண்டாம்.

அடுத்து லென்ஸ். வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு அல்லது அதை அரம் போட்டு ராவிய தடம் இருக்கும், எழுத்து மழுங்கி சோப்புக்கட்டி போலிருக்கும், பள்ளமான தரையில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். அடித்த காசில் விளிம்பு ஆங்காங்கே வெடித்திருக்கும். அது குறை இல்லை, நல்ல அறிகுறி. சில நூறு ரூபாய்ச் சேது காசை முழுசாகப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. நடப்பது வேறு: தேய்ந்த எழுத்தை ஊசியால் கீறி ஆழமாக்குவார்கள், மேலே பச்சை வண்ணம் பூசுவார்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஓரத்தில் தேயுங்கள். உண்மையான களிம்பு வராது, பூச்சு பஞ்சில் ஒட்டும். நகப்பூச்சு நீக்கி இதற்கு ஆகாது, அதில் எண்ணெய் கலந்திருக்கும்.

டப்பாவில் 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்டு, ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பொறித்த 'கம்பெனி அணா' இருந்தால் அது நாணயமே அல்ல, பிற்காலத்து வில்லை. 'ரைஸ் புல்லிங்' (அரிசியை இழுக்கும் சக்தி காசுக்கு உண்டு என்ற மோசடிக் கதை) என்று லட்சக்கணக்கில் பேரம் பேசி வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தேடுவார்கள். பேச்சே கொடுக்காதீர்கள். பழைய காசை வாங்கித் தருவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கி பெயரில் கமிஷனும் வரியும் கேட்கும் கும்பல் பற்றி அந்த வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

நம் கரையில் போலியைவிடப் பெரிய எதிரி உப்பு. கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ கெட்டியாக, வழவழப்பாக இருப்பது நல்ல களிம்பு. அதைத் தொடாதீர்கள். வெளிர்ப்பச்சையில், விரலில் ஒட்டும் பொடியாக, குழி குழியாகப் பூத்திருந்தால் அது நோய். காசுக்குள் தங்கிய குளோரைடு, ஈரமும் காற்றும் பட்டு அமிலமாகி, புதுச் செம்பை அரித்து, மறுபடி குளோரைடாகிறது. அதனால் தானாக நிற்காது. கீழக்கரைக் காற்றின் ஈரமே அதற்குத் தீனி. சந்தேகமான காசை மூடிய டப்பாவில் ஈரப்பஞ்சுக்குப் பக்கத்தில், படாமல், இரண்டு நாள் வையுங்கள். புதிதாக வெளிர்ப்பச்சைப் புள்ளி வந்தால் உறுதி. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள்.

மூங்கில் குச்சியால் பொடியைச் சுரண்டி, டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போடுங்கள். முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். ஆழமாகப் பிடித்திருந்தால் ஒரு லிட்டரில் 28 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட்டும் 22 கிராம் சமையல் சோடாவும் கரைத்து, வாரக்கணக்கில் ஊற வைக்கலாம். களிம்பின் நிறம் கொஞ்சம் மாறும், அது தெரிந்தே செய்யுங்கள். கடைசியில் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, அசிட்டோனில் ஒரு முக்கு முக்கி உலர்த்துங்கள். அடுப்பங்கரையில் வேண்டாம், குபீரென்று பற்றும்.

புளி, எலுமிச்சை, பீதாம்பரி மூன்றும் குத்துவிளக்குக்கு. காசில் போட்டால் களிம்பு போய், இளஞ்சிவப்பாக வெறும் செம்பு தெரியும். வாங்குகிறவர் அதைப் பார்த்ததும் விலையைப் பாதியாக்குவார். எழுத்தும் கூடவே கரையும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

பெட்டிக்கடை ஆல்பத்தின் மெத்தென்ற பி.வி.சி. பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். நாளடைவில் அது அமிலம் விட்டு, காசில் பிசுபிசுப்பான பச்சை படியும். மைலார் (தெளிவான பாலியெஸ்டர் தாள்) ஜன்னல் உள்ள அட்டை உறையில் போட்டு, ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதமொருமுறை ஜெல்லின் நிறம் பாருங்கள். மாறியிருந்தால் சமையலுக்குப் பயன்படாத சட்டியில் வறுத்துத் திரும்பப் போடலாம்.

இப்போது தரம். ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன் என்று நம் ஊர்ச் சேகரிப்பாளர்கள் பேசும் மூன்று படி போதும். பழங்காசுக்கு என்.ஜி.சி. என்ற அமெரிக்கத் தரச்சான்று நிறுவனமே அடிப்புக்கும் (உருவம் எவ்வளவு சரியாக விழுந்திருக்கிறது) மேற்பரப்புக்கும் ஐந்துக்கு இத்தனை என்று தனி மதிப்பெண் போடுகிறது. அந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காசுக்கு ஓர் அட்டை: வகை, எடை, விட்டம், அடர்த்தி, தேய்மானம், அடிப்பு 5-க்கு, மேற்பரப்பு 5-க்கு, இருபக்கப் படம், யாரிடமிருந்து வந்தது. கடைசி வரியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான், தாத்தா காசு என்பதற்கு வேறு சாட்சியும் இல்லை.

மண்ணில் கிடைத்த காசு என்றால் சங்கதி வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலை ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அழகன்குளம் போல அகழாய்வு நடந்த இடங்களில் கீழே கிடப்பதைப் பொறுக்கவே கூடாது.

காசு கொடுத்து நிபுணர் கருத்து வாங்க நினைத்தால், நாற்பதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அட்டை எழுதி முடித்ததும் எந்த வகையிலும் சேராமல் இரண்டு மூன்று மிஞ்சும்: 'சேதுபதி' என்ற எழுத்து தட்டுப்படும் சின்னக் காசு, தலை உருவம் போட்ட ரோமானியச் செப்பு, ஆண்டு வித்தியாசமாகத் தெரியும் டச்சுக் காசு. அவற்றை மட்டும் மதுரையிலோ சென்னையிலோ நாணயக் கண்காட்சி நடக்கும்போது கொண்டுபோய் இரண்டு மேசைகளில் தனித்தனியாகக் காட்டுங்கள். பார்த்துச் சொல்ல அங்கே பெரும்பாலும் கட்டணம் கேட்க மாட்டார்கள். சொல்லி முடித்ததும் அவரே வாங்க விலை கேட்டால், அன்றைக்கே கொடுக்காதீர்கள். விற்பதென்று முடிவானால் தொல்பொருள் விற்க உரிமம் உள்ளவரிடம், ரசீதில் எடையும் வகையும் எழுதி வாங்கிக்கொண்டு விற்கவும். வாங்கி விற்கும் வியாபாரமாக நீங்களே இறங்கினால் அந்த உரிமம் உங்களுக்கும் வேண்டும்.