ஓங்கிய மண்வெட்டி ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு 41 வயது. விவசாயம். எனக்கும் பெரியப்பா மகனுக்கும் ரொம்ப நாளாக வரப்புத் தகராறு. போன மாதம் எல்லைக் கல்லையே பிடுங்கிப் போட்டுவிட்டார். கேட்கப் போனேன், என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். கையில் மண்வெட்டி. தலைக்கு மேல் ஓங்கிவிட்டேன். அண்ணன் தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்துவிட்டார். நான் அப்படியே நின்றேன், அப்புறம் திரும்பி வந்துவிட்டேன். சுற்றிலும் ஆளே இல்லை. சாமி, போலீஸ், பிள்ளைகள் என்று எந்த நினைப்பும் அப்போது வரவில்லை. என்னைத் தடுத்தது எது? அடுத்த முறையும் தடுக்குமா? என்னைப் பார்த்தே எனக்குப் பயமாக இருக்கிறது. (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்: தம்பி, கொல்ல வேண்டும் என்ற எண்ணம் வந்ததாலேயே நீங்கள் கொலைகாரர் ஆகிவிடவில்லை. 1993இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம், யாரையாவது கொல்வதுபோல் நினைத்துப் பார்த்ததுண்டா என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கேட்டபோது, ஆண்களிலும் சரி பெண்களிலும் சரி, பாதிக்கு மேற்பட்டவர்கள் உண்டு என்றார்கள். ஆனால் உங்கள் விஷயம் எண்ணத்தோடு நிற்கவில்லை, மண்வெட்டி தலைக்கு மேலே போயிருக்கிறது. அதனால் எல்லோருக்கும் வருவதுதான் என்று சொல்லித் தட்டிக்கொடுத்து அனுப்ப எனக்கு மனமில்லை.

சாமியும் போலீஸும் நினைவுக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே நம்புகிறேன். அந்த நொடியில் யோசிக்க ஏது நேரம்? உங்களைத் தடுத்தது பெரும்பாலும் உங்கள் உடம்பு. 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்கிறேன். ஆய்வாளர் தன் பேன்ட்டுக்குள் ஒரு பொய்க்காலை வைத்துக்கொண்டு, ஆய்வுக்கு வந்தவர்களிடம் சுத்தியலைக் கொடுத்து, இந்தக் காலில் ஓங்கி அடியுங்கள் என்றார். ரப்பர் கத்தியால் கழுத்தை அறுப்பதுபோலச் செய்யச் சொன்னார்கள், நிஜக் குழந்தை போலவே இருந்த பொம்மையை மேசையில் அடிக்கச் சொன்னார்கள். யாருக்கும் எதுவும் ஆகாது என்று வந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அவர்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கின, ஆபத்தில் மாட்டிக்கொண்டவனுக்கு ஆவதுபோல. வேறொருவர் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த அளவுக்கு ஆகவில்லை. தன் கையால் செய்வதைத்தான் உடம்பு அப்படி மறுக்கிறது. அதிலும் உங்கள் எதிரே நின்றவர் குனிந்துவிட்டார். அம்மாவைப் பேசிய வாய் அந்த நொடியில் இல்லை, சின்ன வயதிலிருந்து பார்த்த ஒரு அண்ணன் தலையை மூடிக்கொண்டு பயந்து நிற்கிறார், அவ்வளவுதான்.

அடுத்த முறையும் தடுக்குமா? அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அது நிஜம்தான், ஆனால் கரைந்துபோகக் கூடியது. 1942 ஜூலையில் போலந்தின் யூசெஃபூஃப் என்ற ஊருக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒரு போலீஸ் படை அனுப்பப்பட்டது. சுமார் 500 பேர், நிறையப் பேர் நடுவயதுக் குடும்பஸ்தர்கள். அந்த ஊர் யூதர்களைச் சுட வேண்டும், முடியாதவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம் என்று அவர்களின் மேஜரே சொன்னார். உடனே விலகியவர்கள் ஒரு டஜன் பேர்தான். சுட்டவர்களில் சிலர் வாந்தி எடுத்தார்கள், சிலர் பாதியில் நழுவினார்கள், உடம்பு மறுக்கத்தான் செய்தது. ஆனால் பக்கத்தில் நிற்பவன் கோழை என்று நினைத்துவிடுவானே என்ற கூச்சமும் சாராயமும் சேர்ந்து அந்த மறுப்பைத் தின்றுவிட்டன. அன்று மட்டும் சுமார் 1,500 பேரைக் கொன்றார்கள். உங்களை அவர்களோடு சேர்க்கவில்லை, தம்பி. சாதாரண ஆளின் கையையும் எது தளர்த்திவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். குடித்துவிட்டு வயல் பக்கம் போகாதீர்கள். "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா, சும்மா விட்டுட்டு வந்திருக்கே" என்று ஏற்றிவிடுகிற பங்காளியோ சிநேகிதனோ இருந்தால், இந்த விஷயம் முடிகிறவரை அவரோடு உட்காராதீர்கள்.

அப்படியானால் போலீஸ் பயம்தான் நம்மையெல்லாம் கட்டி வைத்திருக்கிறதா என்று கேட்கலாம். கனடாவின் மான்ட்ரியலில் 1969 அக்டோபர் 7 அன்று நகரப் போலீஸார் வேலைநிறுத்தம் செய்தார்கள். வங்கிகள் கொள்ளை போயின, கடைகள் உடைந்தன. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த அந்த நகரத்தில் இறந்தவர்கள் இரண்டு பேர். திருட்டுக்குத் துணிந்த அளவுக்கு மக்கள் கொலைக்குத் துணியவில்லை. அது ஒரு நாள் கதை. வருடக்கணக்கில் தீராமல் கிடக்கிற பகை வேறு, அதற்கு நடுவில் ஒரு மூன்றாவது மனிதர் வேண்டும்.

ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் வாழ்ந்த ஜுவான்சி என்ற வேட்டைக்கார மக்களைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு இந்த எண்ணம் உறுதியாகிவிட்டது. கைக்கெட்டிய தூரத்தில் விஷ அம்பு, போலீஸ் கிடையாது, தலைவரும் கிடையாது. சண்டை முற்றினால் ஒரு தரப்பு மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடும். அதுதான் அவர்களின் பெரிய தடுப்பு, அதையும் மீறிக் கொலைகள் நடந்தன. அவர்களோடு தங்கி ஆராய்ந்த ரிச்சர்ட் லீ 1920க்கும் 1955க்கும் இடையில் நடந்த 22 கொலைகளைப் பதிவு செய்திருக்கிறார். 1948இல் அந்தப் பக்கம் வழக்குக் கேட்க ஒரு தலைவர் நியமிக்கப்பட்டார். மக்கள் தாங்களாகவே சண்டைகளை அவரிடம் கொண்டுபோனார்கள், கொலைகள் வெகுவாகக் குறைந்தன.

நீங்களோ வரப்பை விட்டு எழுந்து போக முடியாது, அதனால் மூன்றாவது மனிதர்தான் உங்களுக்கு வழி. 2022இல் இந்தியாவில் பதிவான 28,522 கொலை வழக்குகளில் 9,962க்குக் காரணம் தகராறு என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. மற்ற எந்தக் காரணத்தையும்விட அதிகம், ஆதாயத்துக்காக நடந்தவை 1,884தான். திட்டம் போட்டுக் கொல்பவர்களைவிட, கேட்கப் போன இடத்தில் வார்த்தை தடித்து, கையில் எது இருந்ததோ அதை வீசியவர்கள்தான் எனக்கு அந்தக் கணக்கில் தெரிகிறார்கள்.

அதனால் இனி தனியாகக் கேட்கப் போகாதீர்கள், கையில் எதையும் எடுத்துக்கொண்டும் போகாதீர்கள். அண்ணன் வயலில் நிற்பது தெரிந்தால் அன்றைக்கு உங்கள் வேலையைத் தள்ளிப்போடுங்கள், தண்ணீர் பாய்ச்சுவது ஒரு வேளை தாமதமானால் ஆகட்டும். நில அளவைக்கு இ-சேவை மையத்திலோ தாலுகா அலுவலகத்திலோ மனுக் கொடுங்கள். எல்லைக் கல்லைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம், அதை எழுத்தில் தாசில்தாருக்குக் கொடுங்கள். அளந்த பிறகும் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவில் கேளுங்கள். வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்க முடியும், நீதிமன்றக் கட்டணம் இல்லை, அங்கே ஆகும் சமரசத்துக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு உள்ள மதிப்பு உண்டு.

நடந்ததை வீட்டில் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே தோன்றுகிறது. இன்றைக்கே உங்கள் மனைவியிடமோ தாய்மாமாவிடமோ சொல்லுங்கள், மண்வெட்டியை ஓங்கியது உட்பட. அவர்களுக்குத் தெரிந்தால்தான், அடுத்த முறை நீங்கள் கோபமாகக் கிளம்பும்போது ஒருவராவது குறுக்கே வந்து நிற்பார். தூக்கம் வராமல் அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வந்தால், அல்லது அந்த எண்ணம் மறுபடி தலைதூக்கினால், 14416க்கு போன் செய்யுங்கள். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

சர்வேயர் வரும் தேதி தெரிந்ததும் மாமாவைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள், அன்றைக்கு அண்ணனோடு பேச வேண்டியதை அவரே பேசட்டும். அளந்து முடிந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.