நிலாவரை: இரண்டாவது கரண்டி எதற்கு?

கேள்வி: மலச்சிக்கலுக்கு இரவில் ஒரு தேக்கரண்டி நிலாவரைப் பொடி குடித்தேன். இரண்டு மணி நேரமாகியும் அசைவில்லை. இன்னொரு கரண்டி குடித்தேன். விடியற்காலையில் வயிற்றை முறுக்கி எடுத்துவிட்டது. ஏன்?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள். நிலாவரையிலுள்ள சென்னோசைடு என்ற மலமிளக்கிப் பொருள் சிறுகுடல்வரை மாறாமல் இறங்கும். பெருங்குடல் பாக்டீரியா அதை உடைத்த பிறகே வேலை செய்யும். அதற்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். (விளக்கெண்ணெய் சிறுகுடலிலேயே முடுக்கிவிடும்; அதனால்தான் அது சீக்கிரம்.) பெரியவர்களுக்கு 1 கிராம் இலை, அதாவது ஏறக்குறைய 25 மில்லிகிராம் சென்னோசைடு, போதும். கரண்டிக் கணக்கை நம்பாமல் எடைபோட்டு எடுங்கள். வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, வடிகட்டி, படுக்கும் முன் குடியுங்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயம் வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் பொட்டாசியம் குறையலாம். டிஜாக்சின் சாப்பிடும் இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.