கிட்டில் இரண்டு கோடு, ரத்தத்தில் 1.1: முட்டை வெடித்ததா, இல்லையா?

கேள்வி: வயது 29. பெரம்பூரில் இருக்கிறோம். நீர்க்கட்டி இருப்பதால் மாதவிடாய் 35 நாளுக்கு ஒருமுறைதான் வரும். இந்த முறை 3-ஆம் நாளிலிருந்து 5 நாள், முட்டை வளர்வதற்கான லெட்ரோசோல் மாத்திரை 2.5 மி.கி. சாப்பிட்டேன். 12-ஆம் நாளிலிருந்து ஓவுலேஷன் கிட்டில் தினமும் இரண்டு கோடு. 14-ஆம் நாள் ஸ்கேனில் முட்டைப்பை 14 மி.மீ. லீவு கிடைக்காததால் அப்புறம் ஸ்கேனுக்குப் போகவில்லை. 21-ஆம் நாள் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் (முட்டை வெளிவந்தபின் கூடும் ஹார்மோன்) 1.1. முட்டை வெடிக்கவே இல்லையா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். முட்டைப்பை நாளுக்கு ஏறக்குறைய 2 மி.மீ. வளரும், பெரும்பாலும் 18 மி.மீ.யைத் தாண்டித்தான் வெடிக்கும். 14-ஆம் நாளில் 14 என்றால், உங்களுக்கு 17-ஆம் நாளோ அதற்குப் பிறகோதான் வெடித்திருக்க முடியும். புரோஜெஸ்டிரோன் உச்சத்துக்கு வருவது அதிலிருந்து ஒரு வாரம் கழித்து. நீங்கள் ரத்தம் கொடுத்தபோது அது ஏறத் தொடங்காமலே இருந்திருக்கலாம்.

'21-ஆம் நாள் டெஸ்ட்' என்ற பெயரே 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கானது. மாதவிடாய் வரவேண்டிய தேதிக்கு 7 நாள் முன்பு என்பதுதான் கணக்கு. 35 நாள் என்றால் 28-ஆம் நாள். அன்று 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். சில வகைப் புரோஜெஸ்டிரோன் மாத்திரைகள் இந்த அளவையே ஏற்றிக் காட்டும். அதனால் மருத்துவர் மாத்திரை எழுதியிருந்தால் டெஸ்ட் எடுக்கும்முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிட் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். கர்ப்பப் பரிசோதனையில் மங்கலான கோடும் கணக்கில் சேரும். இதில் சேராது; டெஸ்ட் கோடு பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ இருக்க வேண்டும். கிட் அளப்பது, முட்டையை வெடிக்கவைக்கும் எல்.எச். என்ற ஹார்மோனை. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அது எப்போதுமே சற்றுக் கூடுதலாக இருப்பதுண்டு, அதனால் தினமும் கோடு விழலாம். சரியான கோடே விழுந்தாலும், 'இன்னும் ஒன்றரை நாளுக்குள் வெடிக்கலாம்' என்பதுதான் அதன் பொருள். வெடித்துவிட்டது என்பதல்ல.

வெடித்ததைக் கண்ணால் காட்டுவது ஃபாலிகுலர் ஸ்டடியின் (முட்டைப்பை வளர்வதைப் பார்க்கும் தொடர் ஸ்கேன்) கடைசி ஸ்கேன்: முட்டைப்பை சுருங்கியிருக்கும், கர்ப்பப்பைக்குப் பின்னால் கொஞ்சம் நீர் தெரியும். நீங்கள் விட்டது அந்த ஸ்கேனைத்தான். காலை 7 மணிக்கே திறக்கும் ஸ்கேன் சென்டர்கள் சென்னையில் உண்டு. அலுவலகம் போகிற வழியில் ஒன்று பார்த்து வையுங்கள்.

உறுதியானபின் சேரலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். முட்டையின் ஆயுள் ஒரு நாள்தான். ரிப்போர்ட் வரும்போது அது முடிந்திருக்கும். விந்தணு 5 நாள்வரை உயிரோடிருக்கும் என்பதால் 12-ஆம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேருங்கள்.

மாதவிடாய் தள்ளிப்போனால், அடுத்த லெட்ரோசோலைத் தொடங்கும்முன் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். அப்புறம், கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. அவருக்கு விந்தணுப் பரிசோதனை எடுத்தாயிற்றா?