கலியாணப் பூவுக்கு முற்பணம் கொடுக்க முன்: கேள்வி-பதில்

கேள்வி: ஓகஸ்ட் கடைசி வாரம் எனக்குக் கலியாணம். காலை பத்து மணிக்குத் தேவாலயத்தில் திருப்பலி, மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. என் சேலை ஐவரி நிறம், தோழிகளுக்கு மங்கலான நீலம். பீச், ஐவரி, நீலம் மூன்றும் கலந்த பூச்செண்டுப் படம் ஒன்றைப் பூக்கடையில் காட்டினேன் (உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன்). "அப்படியே செய்து தரலாம்" என்று சொல்லிப் பாதிப் பணத்தை இப்போதே கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, கல்லடி

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம், தங்கச்சி. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் காட்டியது ஒரு படம். அதில் என்ன பூ, எத்தனை பூ என்று நீங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கலியாணப் பூவில் வரும் மனத்தாங்கல்களில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது.

படத்தில் பெரிதாக இருப்பது பியோனி. பனிக்காலக் குளிர் பட்டால்தான் அது பூக்கும். நம் வெயிலுக்குச் சரிவராது. வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தாலும் ஓகஸ்டில் விலை கையைச் சுடும். நீலமாக இருப்பது ஹைட்ரேஞ்சியா. நுவரெலியாப் பக்கம் வேலியோரங்களில் பார்த்திருப்பீர்கள். புளிப்பான மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சித்தான் அந்த நீலம் அதற்கு வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பூ, ஆனால் தண்ணீரை விட்டு எடுத்தால் சீக்கிரம் துவண்டுவிடும். சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும் நாளில் திருப்பலி முடிந்து கல்லடிப் பாலத்தில் படம் எடுக்கப் போகும்போது தலை தொங்கிப்போயிருக்கும்.

அதற்காக உங்கள் நிறங்களைக் கைவிட வேண்டியதில்லை. நிறம் அப்படியே இருக்கட்டும், பூவை மாற்றுங்கள். பியோனிக்குப் பதிலாகப் பீச் நிறக் கார்னேஷன்களை நெருக்கமாகக் கட்டினால் அதே சுருள் சுருளான தோற்றம் வரும், விலையும் குறையும். நடுவில் நன்றாக விரிந்த ரோஜா நாலைந்து போதும். நீலத்தைப் பூவில் தேடாதீர்கள். தண்டைச் சுற்றும் ரிபனில் கொண்டுவாருங்கள். தோழிகளின் சேலையிலும் அது இருக்கத்தானே போகிறது. நீல ரோஜா என்று யாராவது காட்டினால் அது சாயம் ஏற்றியதுதான், இயற்கையில் அப்படி ஒரு ரோஜா இல்லை. ஈரத் துணியால் இதழைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால், வியர்த்த கையிலும் ஐவரிச் சேலையிலும் ஒட்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் விடுவது. ஐவரிச் சேலைக்குப் பக்கத்தில் தூய வெள்ளைப் பூ வைத்தால், சேலை பழசாகி மஞ்சள் பிடித்தது போலத் தெரியும். கிறீம் நிறப் பூவாகக் கேளுங்கள். கடைக்குப் போகும்போது சேலையின் ஓரத் துண்டையோ சட்டைத் துணியின் மிச்சத்தையோ கொண்டுபோய், வாசலில் வெயில் வெளிச்சத்தில் பூவோடு வைத்துப் பாருங்கள். போன் திரையில் தெரியும் பீச்சை நம்ப முடியாது. மாலை மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் பீச்சும் கிறீமும் ஒன்றாகிவிடும் என்பதால், கொஞ்சம் அழுத்தமான நிறம் ஒன்றும் வேண்டும். பத்துப் பூவில் ஆறு கிறீம், மூன்று பீச், ஒன்று செம்மஞ்சள் என்ற கணக்கு பெரும்பாலும் கண்ணை உறுத்தாது.

இப்போது பணத்துக்கு வருவோம். நம் பக்கம் வரும் ரோஜாவும் கார்னேஷனும் பெரும்பாலும் மலையில் விளைபவை. நுவரெலியா, வெலிமடை, பதுளை, மகா ஓயா என்று ஏ5 வீதியில் செங்கலடி வரை இறங்கி வர வேண்டிய பூ அது. சனிக்கிழமைக் கலியாணத்துக்கு வியாழன் இரவாவது வந்து சேர்ந்தால்தான், ஒரு நாள் தண்ணீரில் நின்று விரியும். என்றைக்கு வரும் என்று கேளுங்கள். ஓகஸ்ட் கடைசி என்றால் ஆவணி முகூர்த்தங்களும் சேரும், பூவுக்குக் கேள்வி கூடும். ஆகவே பூவின் பெயர், நிறம், தண்டு எத்தனை, அது கிடைக்காவிட்டால் எந்தப் பூ, அதற்கு விலை எவ்வளவு குறையும் என்று எல்லாவற்றையும் பற்றுச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதித் தந்தால் கால்வாசி முற்பணம் கொடுக்கலாம். மிச்சத்தைப் பூ வந்து, கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள், நாள் இருக்கிறது.

கேள்வி: தம்பியின் கலியாணத்தில் மணவறைக்கு வெள்ளை ஓர்கிட் என்று பேசினோம். வந்தது வெள்ளைச் செவ்வந்தி. "மலையில் மழை, பூ வரவில்லை" என்கிறார்கள். காசைத் திருப்பிக் கேட்கலாமா?
- வாசகர், காரைதீவு

பதில்: தாராளமாகக் கேளுங்கள், அண்ணன். முழுக் காசையும் கேட்பது சரியாகாது, பூ வைத்து வேலை செய்திருக்கிறார்கள். ஓர்கிட்டுக்கும் செவ்வந்திக்கும் உள்ள விலை வித்தியாசம் உங்களுடையது. மழைக் காரணத்தையும் நான் அப்படியே ஏற்க மாட்டேன்: கடைகளில் அதிகம் விற்கும் டென்ட்ரோபியம் ஓர்கிட் சூடான தாழ்நிலத்தில் நன்றாக வளர்வது. எங்கிருந்து எடுக்க இருந்தார்கள் என்று கேளுங்கள்.

வட்ஸ்அப்பில் பேசியதை அழிக்காதீர்கள். மணவறைப் படங்களையும் பற்றுச்சீட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்யலாம். அந்தச் சபையை அமைத்த 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் பொருளும் வருகிறது, சேவையும் வருகிறது. நாளைக் கடத்த வேண்டாம்.

கேள்வி: முதல் நாளே பூச்செண்டை வாங்கி வீட்டு பிரிட்ஜில் வைக்கலாமா?
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: ரோஜா, கார்னேஷன் என்றால் வைக்கலாம். ஆனால் மாம்பழம், வாழைப்பழம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். பழுக்கும் பழம் விடும் எதிலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும். ஓர்கிட்டும் அந்தூரியமும் கலந்திருந்தால் பிரிட்ஜ் வேண்டவே வேண்டாம், குளிரில் கருத்துப்போகும். வாளியில் தண்ணீர் ஊற்றி, தண்டு நனைய, மின்விசிறிக் காற்றுப் படாத அறையில் வையுங்கள். காலையில் தண்டை நன்றாகத் துடைத்த பிறகுதான் ரிபன் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் சேலையில் இறங்கும்.